நட்சத்திரம் தராத கேள்வி

அத்தியாயம் 14

மிக்ஸியில் சட்னி ஓடிக்கொண்டிருந்தபோது திலகாவின் செல்போன் மினுக்கியது.

"இளவரசி! வேன்காரரு இன்னா அனுப்பிகிறாரு பாரு. படி."

இளவரசி போனை எடுத்தாள். நாலாம் வகுப்பு. படிக்கச் சொன்னால் போதும், பல் துலக்கும்போதுகூடப் படிப்பாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு கணீரென்று படித்தாள்.

"இன்று ஏழு மணி வேன் வராது. அனைவரும் ஆறே முக்கால் வேனிலேயே ஏறிக்கொள்ளவும்."

மிக்ஸி சத்தத்தில் திலகாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாவாம்?"

"வேன் ஏழு மணிக்காம்மா."

திலகா நிதானமாகச் சாப்பாடு கட்டினாள். பூ வைத்துக்கொண்டாள். ஏரிக்கரை நிறுத்தத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது அங்கே ஒரு நாய் மட்டும் நின்றிருந்தது.

"வேன் அப்பவே போயிடுச்சே திலகா," என்றாள் டீக்கடை சொக்கம்மாள். "ஆரன் அடிச்சி அடிச்சிப் பாத்தாங்க. உனக்கு மெசேஜ் போட்டதா சொன்னாங்களே?"

திலகா போனைத் திறந்து தானே படித்தாள். அவள் வேலை பார்ப்பது ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில். வேனை விட்டால் அன்றைக்கு வேலை இல்லை. சூப்பர்வைசரிடம் பேசி, வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

நடக்கும்போது கோபம் இளவரசி மேல்தான் இருந்தது. ஆனால் வீடு நெருங்க நெருங்க, அது நாத்தனார் தமிழ்ச்செல்வி பக்கம் திரும்பியது. அதற்குக் காரணமும் இருந்தது.

ராணிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட செல்வி, அங்கே ஒத்துவராமல் தை மாதம் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டவள். வந்த கையோடு, சென்னை டிரஸ்ட் ஒன்று கொடுத்த ஆறு டேப்லெட் கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு ஆரம்பித்தாள். டேப்பில் தமிழ்க் கதைகள் இருக்கும். பிள்ளைகள் படிக்க வேண்டும், கடைசியில் வரும் கேள்விகளுக்கு விடையை அமுக்க வேண்டும். சரியாக அமுக்கினால் நட்சத்திரம் விழும், கைதட்டல் கேட்கும். வகுப்பிலேயே அதிக நட்சத்திரம் இளவரசிக்கு. தெருவே அதைப் பேசியது.

இன்று பள்ளிக்கூடம் லீவு; மதியம் டிரஸ்டிலிருந்து ஆள் வருகிறார். வகுப்பு அவருக்குப் பிடித்துவிட்டால் செல்விக்கு உத்திரமேரூர் ஆபீசில் வேலை. பத்து ஊர் வகுப்புகளை அவள் பார்த்துக்கொள்வாள். அங்கேயே தனியாக ரூம் எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

போன வாரம்தான் தண்ணீர்க் குடத்தில் ஆரம்பித்த சண்டையில், "இன்னா, இது சத்திரமா?" என்று திலகா கேட்டுவிட்டிருந்தாள். அதிலிருந்து செல்வி அவள் முகம் பார்த்துப் பேசவில்லை. திலகாவின் புருஷன் பாண்டியன், நெல் அறுக்கும் மெஷினோடு தென்னேரிப் பக்கம் போயிருந்தான். அவன் இருந்திருந்தால் ஒரு வார்த்தையாவது இரண்டு பக்கமும் போய் வந்திருக்கும்.

இளவரசி வாசலில் உட்கார்ந்து டேப்பில் கதை படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, மெசேஜுல இன்னா போட்டுகீது, நீ இன்னா சொன்ன?"

"படிச்சனேம்மா!"

"திரும்பப் படி."

படித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை.

"வேன் எத்தினி மணிக்கு வருது?"

இளவரசியின் கண் அந்த இரண்டு வரிகளிலும் ஓடியது. முதலில் தட்டுப்பட்ட இடத்தில் நின்றது.

"ஏழு."

திலகாவின் கோபம் பொட்டென்று அடங்கிவிட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. பயம்.

மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இந்தக் கதைய எனக்குப் படிச்சிக் காட்டு."

இளவரசிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மல்லி விளையாடப் போனாள். அப்போது ஆடு கட்டியிருந்தது. மல்லி திரும்பி வந்தாள். ரோஜாச் செடியில் ஒரு இலைகூட இல்லை. தம்பியைக் காணவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு சின்னக் கால் தெரிந்தது. அதன் பக்கத்தில் ஆட்டுக் கயிறு கிடந்தது."

குழாயில் தண்ணீர் கொட்டுவதுபோலப் படித்தாள். எங்கேயும் நிற்கவில்லை.

"ஆட்ட அவுத்து வுட்டது யாரு?"

"ஆடு."

"ஆட்ட ஆடே அவுத்து வுடுமாடி?"

இளவரசி அம்மாவைப் பார்த்து விழித்தாள். "அத நான் கண்டுபுடிச்சிடுவேன்மா. இங்க பாரேன்."

கேள்வி வந்தது. மூன்று விடைகள். முதல் விடையை அமுக்கினாள். அது தலையை ஆட்டுவதுபோல ஆடியது. இரண்டாவதை அமுக்கினாள். அதுவும் ஆடியது. மூன்றாவதை அமுக்கினாள். நட்சத்திரம் விழுந்தது. கைதட்டல்.

"தப்புன்னா ஆடும்மா. ஆடாதத அமுக்கணும். அவ்ளோதான்!"

அவள் முகத்தில் துளி கள்ளமில்லை. ஒரு விளையாட்டை அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்த சந்தோஷம்தான் இருந்தது.

திலகா எழுந்து புடவையை உதறினாள். செல்வியிடம் சொல்லாமல் விட்டுவிடலாம். சாயந்திரம் அந்த ஆள் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம். செல்விக்கு வேலை கிடைத்துவிட்டால் வீட்டிலும் அமைதிதான். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே, வகுப்பு நடக்கும் சமுதாயக் கூடத்துக்கு நடந்துவிட்டாள்.

*

செல்வி நாற்காலியில் ஏறிக் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி? வேலைக்குப் போவல?"

முகம் பார்க்காமல் கேட்ட கேள்விதான். ஆனாலும் ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. அதைப் பிடித்துக்கொண்டு வேறு எதையாவது பேசிவிட்டுப் போய்விடலாமா என்றுகூடத் திலகாவுக்குத் தோன்றியது.

"செல்வி, கீழ எறங்கு. ஒரு விஷயம் சொல்லணும்."

வேன் கதையில் ஆரம்பித்து ஆட்டுக் கயிறு வரைக்கும் சொன்னாள். செல்வி தோரணத்தைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்கித்தான் உங்களுக்கு இது தெரிஞ்சுதா அண்ணி?"

"இன்னிக்கித்தான்."

"மதியானம் அந்த சார் வராரு. காலையில வந்து, நான் சொல்லித் தந்தது எல்லாம் வேஸ்ட்டுன்னு சொல்றீங்க."

"நான் அப்பிடிச் சொல்லல."

"எனக்கு ஒரு வேலை கெடைக்கப் போவுது. அது கெடைச்சா இந்த ஊருல நான் கொஞ்சம் தல நிமிந்து நடப்பேன். அது உங்களுக்குப் பொறுக்கல."

பாய் விரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

திலகாவுக்குக் கண் எரிந்தது. "உனக்கு வேலை கெடைச்சா நீ ரூம் பாத்துக்கினு போயிடுவ. போன வாரம் நான் பேசுன பேச்சுக்கு, அதானே எனக்கு வேணும்னு நீ நெனைக்கற? அப்போ நான் வாய மூடிக்கினு இருந்திருக்கணும். யோசிச்சிப் பாரு."

திரும்பி நடந்தவள் வாசலில் நின்றாள். "என் பொண்ணு படிக்கறான்னு நெனைச்சிக்கினு இருந்தேன் செல்வி. அவ எழுத்த மட்டும்தான் படிக்கறா."

*

அண்ணி போன பிறகு செல்வி தோரணத்தைத் தொடவில்லை.

முதலில் கோபத்தில்தான் செய்தாள். அண்ணி சொன்னது தப்பு என்று காட்டிவிட வேண்டும். அதே தெரு ஏசுதாஸின் மகள் அம்முலுவைக் கூப்பிட்டு, அந்த ஆட்டுக் கதையில் ஒரு பக்கம் படிக்கச் சொன்னாள். அம்முலு படித்தாள். செல்வி டேப்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"இப்ப நீ படிச்சத எனக்குச் சொல்லு."

"டேப்ப குடு மிஸ், சொல்றேன்."

"டேப் இல்லாம சொல்லு."

அம்முலு கவிழ்ந்து கிடந்த டேப்பையே பார்த்தாள். அடுத்த பிள்ளை, கதையில் இல்லாத யானையைக் கொண்டுவந்தது. அதற்கடுத்தது அழ ஆரம்பித்தது. ஒவ்வொருவராக எல்லோரையும் கேட்டு முடித்தபோது, கதையைத் தன் வாயால் சொன்னவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்கும் நட்சத்திரம் குறைவு. மெதுவாகப் படிப்பவர்கள் என்று செல்வியே அவர்களைப் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தாள்.

அவள் போய்த் தண்ணீர் குடித்தாள். முகம் கழுவினாள். இரண்டு மாதமாகத் தினமும் சாயந்திரம் அந்தக் கைதட்டலைக் கேட்டு அவள் பூரித்துப்போயிருக்கிறாள். அது பிள்ளைகள் புரிந்து படித்ததற்கான கைதட்டல்தானா என்று ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

திரும்பி வந்து, கண் கலங்கி நின்ற அம்முலுவைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அழக் கூடாது. தப்பு என்னுது. இப்ப ஒரே ஒரு வரி படி. நிறுத்து. அது இன்னான்னு உன் கண்ணுக்குள்ள பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லு."

"சொன்னா ஸ்டார் வருமா மிஸ்?"

"வராது."

அம்முலு ஒரு வரி படித்தாள். கண்ணை இறுக்க மூடினாள். வெகுநேரம் மூடியிருந்தாள். பிறகு மூடின கண்ணோடே சொன்னாள். "கட்டிலுக்குக் கீழ கால் தெரியுது மிஸ். அந்தத் தம்பிப் பையன் கால்."

*

டிரஸ்ட் ஆள் சாமுவேல், மத்தியான வெயிலில் பைக்கில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொண்டுவந்திருந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு வந்த திலகா, பின்னால் சுவரோரம் நின்றுகொண்டாள்.

"யார் இங்க முதல் நட்சத்திரம்?" என்று கேட்டார் சாமுவேல்.

பிள்ளைகள் இளவரசியைத் தள்ளிவிட்டார்கள். அவள் படித்தாள். சாமுவேல் போனில் படம் பிடித்தார்.

"அருமை! நாலாவது படிக்கிற பிள்ளை மாதிரியே இல்லை. போன மாசம் எட்டு ஊர் பார்த்தேன். இப்படி ஒரு வகுப்பைப் பார்க்கலை. இதோட சரி தமிழ்ச்செல்வி, நான் வேறெதுவும் கேட்கப் போறதில்லை. ஆபீசுக்கு நல்லபடியாச் சொல்லிடறேன்."

கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். திலகா தட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செல்வி அண்ணியைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்தாள்.

"எல்லாரும் வெளிய போயி விளையாடுங்க. இளவரசி, நீயும் போ. நல்லாப் படிச்ச."

பிள்ளைகள் மிட்டாயோடு ஓடினார்கள். சாமுவேல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

"சார், ஒரு நிமிஷம் உட்காருங்க."

செல்வி ஒரு டேப்பை எடுத்தாள். ஆப்பில் மொழி மாற்றும் இடத்துக்குப் போனாள். தமிழ், தெலுங்கு, இந்தி என்று போய் ஒடியாவில் நிறுத்தினாள். வட்ட வட்டமாக எழுத்துகள் திரையில் நிறைந்தன.

"சார், எனக்கு ஒடியாவுல ஒரு எழுத்து தெரியாது. இது கதையா, பாட்டான்னுகூடத் தெரியாது."

பக்கங்களைத் தள்ளினாள். கேள்வி வந்தது. ஒரு விடையை அமுக்கினாள். ஆடியது. இன்னொன்று. நட்சத்திரம். அடுத்த கேள்வி. ஆடியது, ஆடியது, நட்சத்திரம். கடைசியில் ஐந்து நட்சத்திரமும் வரிசையாக மின்ன, டேப் பலமாகக் கைதட்டியது.

சுவரோரம் நின்றிருந்த திலகா தன்னை அறியாமல் இரண்டடி முன்னால் வந்திருந்தாள்.

"எங்க பசங்களும் இப்பிடித்தான் சார் வாங்கிக்கிறாங்க," என்றாள் செல்வி. "வாய் விட்டு நல்லாப் படிக்கறாங்க. அதுல பொய் இல்ல. ஆனா படிச்சது உள்ள போவல. இன்னிக்குக் காலையிலதான் எனக்குத் தெரிஞ்சுது."

சாமுவேல் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் வியர்வை.

"உங்களுக்கு மட்டும் இல்லம்மா இது. இந்த நட்சத்திரத்தை வச்சுத்தான் எல்லா ஊர்ப் பிள்ளைங்களும் முன்னேறிட்டாங்கன்னு நாங்க சொல்லிட்டு இருக்கோம்." அவர் குரல் இறங்கியது. "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம் சார்."

"இதைப் போய்ச் சொன்னா, அவங்க டேப்பையே திரும்ப எடுத்துக்கலாம். உங்க வேலையும்…"

"டேப்ப எடுத்துக்காதீங்கன்னு சொல்லுங்க சார்." செல்வி டேப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எங்க ஊருல பசங்களுக்குக் கதைப் புத்தகம் எங்க கீது? இதுல அத்தினி கதைங்க கீது. கதைங்க நல்லாத்தான் கீது. தப்பா அமுக்கினா ஆடிட்டு அடுத்த விடைய அமுக்க வுடுது பாருங்க, அத நிறுத்தச் சொல்லுங்க. தப்புன்னா திரும்பப் படிக்கச் சொல்லட்டும். மீதி கேள்விய நாங்க கேட்டுக்கறோம்."

"நாங்கன்னா?"

செல்வி அண்ணி பக்கம் திரும்பினாள்.

"நான் கேக்கறேன் சார்," என்றாள் திலகா. "எனக்குப் பத்தாவது வரைக்கும் படிப்பு. வேன்ல இருந்து எறங்கினா ராத்திரி சோறு ஆக்கற வரைக்கும் வூட்லதான் இருப்பேன். பொண்ணு படிக்கட்டும், நான் அடுப்பாண்ட இருந்தே கேக்கறேன். இந்தத் தெருவுல இன்னும் நாலு பொம்பளைங்க அப்பிடி கீறாங்க."

சாமுவேல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னிக்கே பேசறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைக்கைக் கிளப்பினார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தோரணத்தை இரண்டு பேருமாக அவிழ்த்தார்கள்.

"அண்ணி, காலையில நான் பேசுனது…"

"நான் பேசுனதவிடவா?" என்றாள் திலகா. "அந்தச் சத்திரம் பேச்ச நீ மறந்துடு. வேலை வந்தாலும் ரூம் கீமெல்லாம் பாக்க வேணாம். வூட்ல இருந்தே பஸ்ல போ. நீ போயிட்டா இளவரசிக்கு யாரு கீறா? எனக்குத்தான் யாரு கீறா?"

செல்வி தோரணத்தைச் சுருட்டும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

சாயந்திரம் இளவரசி டேப்பைத் தொட மாட்டேன் என்றாள். காலையில் அம்மா கேட்ட கேள்வி அவளுக்குள் என்னமோ செய்திருந்தது.

"எனக்குத்தான் புரியலன்னு அத்தகிட்ட சொல்ட்டியாமே. நான்தான் ஃபர்ஸ்ட்டு. இன்னிக்கி அம்முலு பக்கத்துலதான் அத்த உக்காந்தாங்களாம்."

திலகா கீரை ஆய்ந்துகொண்டே செல்வியைப் பார்த்தாள். செல்வி டேப்பை மடியில் வைத்துக்கொண்டு இளவரசிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"'புதுச் செருப்பு'ன்னு ஒரு கதை. நான் இன்னும் படிக்கல. இன்னா கதையோ தெரியல."

கொஞ்ச நேரம் கழித்து முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு டேப்பை வாங்கிக்கொண்டது.

"எனக்குத்தான் நீ சொல்லணும்," என்றாள் செல்வி. "ஒவ்வொரு வரியா. ஸ்டாரெல்லாம் கெடையாது."

இளவரசி படித்தாள். "முனியன் சந்தையிலிருந்து நடந்து வந்தார். மழை பிடித்துக்கொண்டது." நிறுத்தினாள். பழக்கமில்லாத நிறுத்தம். தடுமாறினாள். "ஒர்த்தரு சந்தையிலேந்து வராரு. மழை."

"ம்."

"அவர் புதுச் செருப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெறுங்காலோடு நடந்தார். வழியில் முள் குத்தியது."

நிறுத்தினாள். திலகாவின் கை கீரையில் நின்றது.

திடீரென்று இளவரசி சிரித்தாள். கதை படித்து அவள் சிரித்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"அய்ய! செருப்ப பையில வெச்சிக்கினு காலுல முள்ளு குத்திக்கினாரு அத்த! லூசு மாமா!"

செல்வியும் சிரித்தாள். திலகாவும். அதற்குள் ஜன்னலில் இருந்த செல்வியின் போன் அடித்தது. திலகா எட்டி எடுத்துப் பார்த்தாள்.

"செல்வி, சாமுவேல் சாரு!"

செல்வி வாங்கவில்லை. 'இருங்க' என்று கையைக் காட்டினாள். ஏனென்றால் இளவரசியின் சிரிப்பு பாதியில் நின்றுபோயிருந்தது. அவள் புருவம் சுருங்கியது. யாரும் சொல்லாமல், விரலால் பக்கத்தைப் பின்னால் தள்ளி, அந்த வரியை மறுபடி முணுமுணுவென்று படித்தாள்.

"சட்டப் பையில எப்பிடி அத்த செருப்பு போவும்? நைனா செருப்பு போவாதே." அப்பாவின் செருப்பு எவ்வளவு பெரிது என்று கையை விரித்துக் காட்டினாள்.

"அதுல போடலியே. நீ இன்னா நெனைக்கற?"

போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. இளவரசி தன் பாதத்தைப் பார்த்தாள். கையை அதன் மேல் வைத்து அளந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"அது அவருது இல்ல அத்த. சின்னச் செருப்பு. அவரு பாப்பாவுக்கு வாங்கிக்கினு போறாரு. நனைஞ்சிடும்னுதான் பையில வெச்சிக்கினாரு. அவரு லூசு இல்ல."

செல்வி மருமகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கீரைக் கட்டை அப்படியே போட்டுவிட்டுத் திலகா வந்து இரண்டு பேருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனை அமுக்கி நாத்தனார் காதில் தானே வைத்தாள்.

"சொல்லுங்க சார்," என்றாள் செல்வி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பேசியது சாமுவேல் இல்லை. யாரோ ஒரு பெண் குரல், நிதானமாகவும் கறாராகவும் கேட்டது.

"தமிழ்ச்செல்விதானே? டிரஸ்ட் ஆபீசிலிருந்து, சாமுவேல் போன்ல பேசறேன். திங்கட்கிழமை காலையில சென்னை ஆபீசுக்கு வர முடியுமா? தனியா வேண்டாம். உங்க அண்ணின்னு ஒருத்தங்க பேசினாங்களாமே, அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க."